பாட்டியின் மஞ்சள் பை

சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் ஒரு காலை வேளை நின்று பாருங்கள். பூ மூட்டைகளுக்கு நடுவே, மஞ்சள் பையை மடியில் இடுக்கிக்கொண்டு யாராவது ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாள். பைக்குள் என்ன? மாத்திரைகள்! பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தது கொஞ்சம். உள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்தது கொஞ்சம். "எனக்குக் கேட்டது" என்று பக்கத்து வீட்டுக்காரி தந்தது கொஞ்சம்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஒரே மருந்தை இரண்டு கம்பெனிகள் இரண்டு பெயரில் விற்கின்றன. பாட்டிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்று வெள்ளை, மற்றது ரோஸ். இரண்டையும் விழுங்குகிறாள். இரத்த அழுத்தம் மளமளவென்று இறங்குகிறது. விடியற்காலையில் கொல்லைப்புறம் போகும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறாள். பிறகு 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் திருநெல்வேலிக்கு ஓட்டம். "வயசாச்சு, விழுந்துட்டா" என்கிறது ஊர். வயதின் மீது பழி போடுவது சுலபம் அல்லவா?

முதியோர் வைத்தியத்தில் பழகியவர்கள் புது மருந்துக்காக ஏங்குவதில்லை. நோயாளியின் முழுக் கதையும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. இது இன்று முளைத்த யோசனையும் அல்ல. 1935-ல் லண்டனில் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரிடம் ஏழைகள் ஆஸ்பத்திரி ஒன்றின் 714 நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டார்கள். பலர் வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, டாக்டரும் நர்ஸும் பயிற்சி கொடுப்பவரும் கலந்து பேசிக் கவனித்தபோது அநேகர் எழுந்து நடமாடினார்கள். நம் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-லேயே முதியோர் வைத்தியத்துக்குத் தனி வழி வகுத்தார்.

2021 ஆகஸ்டு 5-ம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல காரியம், சந்தேகமில்லை. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை தருகிறார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நர்ஸும் இயன்முறைச் சிகிச்சையாளரும் வருகிறார்கள். ஆனால் அந்தத் தன்னார்வலரின் கண்ணில் படுவது டாக்டரின் காதுக்கு எட்டுகிறதா?

போன மாத அட்டையில் பத்து மாத்திரை மீதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன் என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். பாட்டி ஒரு வேளைதான் சமைக்கிறாள். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டால் மயக்கம் வருகிறது. அதனால் அவளே நிறுத்திவிட்டாள். இது தெரியாத டாக்டர் என்ன செய்வார்? சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று மாத்திரையைக் கூட்டி எழுதுவார். கூட்டியதை அவள் ஒரு நாள் ஒழுங்காகப் போட்டுவிட்டால் தீர்ந்தது கதை!

ஆகவே, மாத்திரை கொடுத்ததை எண்ணுவதைவிட மீதியை எண்ணுவது மேல் என்பது என் அபிப்பிராயம். அதைக் கேட்டுச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு நேரம் வேண்டும். சொன்னால் காது கொடுக்க ஒரு டாக்டரும் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸுக்கு ஒரு டெலிபோன் போனால் பாதிச் சிரமம் தீரும். கம்ப்யூட்டர் இருக்கிறதே என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி தந்த மாத்திரை எந்தக் கம்ப்யூட்டரில் ஏறும்? பாட்டியின் பையிலேயே ஒரு நோட்டு இருக்கட்டும். யார் வைத்தியம் செய்தாலும் அதிலேயே எழுதட்டும். சிவனும் திருமாலும் ஒரே திருமேனியில் நிற்கும் ஊர் இது; இரண்டு டாக்டர்கள் ஒரே நோட்டில் எழுதக் கூடாதா, என்ன?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. திருப்பூரிலிருந்து ஒரு மகன் "அந்த டாக்டரிடம் போ" என்கிறான்; சென்னையிலிருந்து மகள் "போகாதே" என்கிறாள். உங்களில் யார் பொறுப்பு என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த மஞ்சள் பையைப் பாயில் கொட்டிப் பாருங்கள். அட்டைகளின் பின்புறத்தில் மருந்தின் உண்மைப் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். ஒரே பெயர் இரண்டு அட்டைகளில் இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பையோடு அம்மாவையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.