துரு தேய்க்கும் கை இழிந்த கையா?



பழைய எஃகு மிதிவண்டி ஒன்றை வீட்டிலேயே பிரித்துத் துரு நீக்கி, வண்ணம் பூசி, மீண்டும் பூட்டி ஓட்டுவது வேலையற்றவர் செய்யும் வேலை என்றோர் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. பிள்ளைகளை அதில் சேர்த்துக்கொண்டால் குற்றம் இன்னும் பெரிதாகிவிடுகிறது. “என் பிள்ளை படிக்க வேண்டியவன், சைக்கிள் கடைக்கா போகப் போகிறான்?” என்ற கேள்வி உடனே எழும். இக்கேள்வியை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். இதில் ஒளிந்திருக்கும் ஆணவத்தையும் அறியாமையையும் சற்றே அலசிப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

லாரியில் ஏறும் நம் வரலாறு

நம் குடியிருப்புகளில் ஒலிபெருக்கியோடு வலம் வரும் ‘சூராட் காபார் லாமா’ லாரியை எல்லாரும் அறிவோம். பழைய செய்தித்தாள், பழைய மின்விசிறி ஆகியவற்றோடு தாத்தாவின் மிதிவண்டியும் அதில் ஏறிவிடுகிறது. எடைக்கு எடை இரும்பு விலை. அன்று மாலையே பேரங்காடியில் பளபளக்கும் புது வண்டி ஒன்று வாங்கப்படுகிறது. ஈராண்டில் அதன் நெகிழி மிதிகள் உடைந்து, நிறுத்தக் கம்பிகள் துருவேறி, அதுவும் அதே லாரிக்காகக் காத்து நிற்கிறது.

தாத்தாவின் வண்டி எப்படிப்பட்டது? தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு ராலே, ஹெர்குலிஸ், ரட்ஜ் போன்ற ஆங்கிலேய வண்டிகள் பெரும் உடைமைகளாக இருந்தன. பால் வாளி அதில்தான் தொங்கியது. பிள்ளை அதன் பின்னிருக்கையில்தான் பள்ளிக்குப் போனது. 1941 டிசம்பரில் தரையிறங்கிய சப்பானியப் படை 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடிக்கும் வரை ஆயிரக்கணக்கான மிதிவண்டிகளில்தான் பெரும்பகுதி முன்னேறியது. மக்களிடமிருந்து பறித்த வண்டிகளும் அவற்றுள் அடங்கும். டயர் வெடித்தபோது வெறும் விளிம்பிலேயே ஓட்டினார்களாம். அத்தகைய சுமையைத் தாங்கிய ஒரு பொருளை எடைபோட்டு விற்றுவிட்டு, பள்ளியில் ‘நம் முன்னோர் உழைப்பு’ என்று கட்டுரை எழுதச் சொல்லுகிறோம். முரண்பாடு நமக்கு உறைப்பதில்லை.

எஃகு ஏன் மன்னிக்கும்?

பழைய வண்டியின் சட்டகத்தைக் கூர்ந்து பாருங்கள். குழாய்கள் கூடும் இடங்களில் அழகிய விளிம்புடைய இணைப்புக் கூடுகள் இருக்கும். குழாயை அக்கூட்டுக்குள் செருகி, பித்தளையை உருக்கி இடுக்கில் பாய்ச்சி ஒட்டியிருப்பார்கள். வளைந்த எஃகுக் குழாயைப் பெரும்பாலும் நிமிர்த்தலாம். விட்டுப்போன இணைப்பை அறிந்தவர் மீண்டும் ஒட்டலாம். மேற்பரப்புத் துரு என்பது தோல் நோய் போன்றது. எலும்பு அரிக்கப்படாத வரை அது சாவுக்குறி அன்று.

ஆனால், எல்லாப் பழைய சட்டகமும் காப்பாற்றத்தக்கதே என்று நான் வாதிடவில்லை. தலைக்குழாய்க்கு அருகிலும் மிதி அச்சுக் கூட்டைச் சுற்றியும் மயிரிழைபோல் துருக்கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். அழுத்தினால் குழிவிழும் குழாய் உள்ளிருந்தே அரிபட்டது. அவற்றை லாரிக்கே கொடுங்கள். நல்லது எது, கெட்டது எது என்று பார்த்துத் தெரிந்து முடிவெடுப்பதுதான் முதல் பாடம். பாராமலே எறிவதும் பாராமலே பூசுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

வண்ணம் பூசுதல் என்பது மூடிமறைத்தல் அன்று

இங்கே இன்னொரு கூட்டத்தாரையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. துருவின்மேலேயே தெளிப்பு வண்ணத்தை அடித்துவிட்டுப் ‘புதுப்பித்தேன்’ என்று படம் காட்டுவோர் பலர். ஆறு மாதத்தில் பூச்சு கொப்புளித்து உரியும். அதைக் கண்ட பிள்ளை என்ன கற்கும்? மேலே பளபளப்பு இருந்தால் போதும் என்றுதானே?

முறையான வேலை மெதுவானது. முதலில் எல்லா உறுப்புகளையும் கழற்ற வேண்டும். நாம் ‘கெர்த்தாஸ் பாசிர்’ என்று வழங்கும் உப்புத்தாளில் 80ஆம் எண்ணில் தொடங்கி, 180, 240 என ஏறி, இறுதியில் 400ஆம் எண் தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி உதவும். சிறு உறுப்புகளை எலுமிச்சை அமிலத் தூள் கரைத்த நீரில் ஊறவிட்டுக் கழுவி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும். குரோமியம் பூசிய கைப்பிடிக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி நீர் தொட்டுத் தேய்த்தாலே போதும்.

அதன்பின் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மரைகளை ஒட்டுத்தாளால் மூடி, பிரைமர் என்னும் அடிப்பூச்சு. பிறகு வண்ணம்: சுமார் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து, மெல்லிய பல பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையே காயவிட்டு. நம் நாட்டு வானிலையில் மழைக்கு முந்திய புழுக்கமான பிற்பகலில் பூசக் கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு வெண்மை பாய்ந்து மங்கிவிடும். காலை வெயில் ஏறிய பின் தொடங்கி நண்பகலுக்குள் முடிப்பது நன்று. பின்னர் ஒரு வாரமாவது தொடாமல் விட வேண்டும். அந்த ஒரு வாரக் காத்திருப்பை எந்தப் பயிற்றி நூல் கற்பிக்கும், சொல்லுங்கள்?

மிதிவண்டிக்குள் இருக்கும் பாடநூல்

“சரி, இதில் படிப்பு எங்கே?” என்பாருக்குச் சில எடுத்துக்காட்டுகள்:

1. அரை அங்குலச் சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால் சங்கிலி தேய்ந்துவிட்டது. பின்னம் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை உண்டா?

2. முன்பற்சக்கரத்தில் 46 பற்கள், பின்பற்சக்கரத்தில் 18. ஒருமுறை மிதித்தால் பின்சக்கரம் ஏறத்தாழ 2.56 முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தைத் தரையில் ஒரு சுற்று உருட்டி அளந்தால் சுமார் 2.23 மீட்டர். ஆக, ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5.7 மீட்டர். விகிதம், பெருக்கல், அளவை எல்லாம் ஒரே கணக்கில்.

3. பின்சக்கரம் பொருந்தும் ஒரு பக்கக் கவ்வியிலிருந்து நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கக் கவ்விக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். இருக்கைக் குழாயிலிருந்து இருபுறமும் நூல் எட்டியிருக்கும் தொலைவு சமமா? சமமென்றால் சட்டகம் கோணவில்லை. சமச்சீர் என்ற சொல்லின் பொருள் இப்போது கைக்குள்.

4. இடப்பக்க மிதியின் மரை மட்டும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். மிதிக்க மிதிக்க அது தானே கழன்றுவிடாதிருக்கவே அந்த ஏற்பாடு. ‘ஏன்?’ என்று பிள்ளை கேட்கும். அறிவியல் அங்கே தொடங்கும்.

5. மிதி அச்சின் இரு பக்கமும் பொதுவாகப் பதினொன்று பதினொன்றாகக் கால் அங்குல எஃகுக் குண்டுகள். கழற்றும்போது எண்ணி, மண்ணெண்ணெயில் கழுவி, மசகிட்டு, எண்ணியபடியே திரும்ப வைக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் தேடியே ஆக வேண்டும். ஒழுங்கு என்பது இதுதான்.

மொழியாசிரியர்களுக்கும் ஒரு சொல். அச்சு, ஆரம், மரை, மசகு, அரம், சங்கிலி, பற்சக்கரம் ஆகிய சொற்களைச் சொல்வதெழுதலில் பிழையின்றி எழுதும் பிள்ளை, அப்பொருள்களைத் தொட்டதே இல்லை. தொடாத பொருளின் பெயர் எத்தனை நாளுக்கு நாவில் தங்கும்?

தேர்வு போயிற்று, அச்சம் போகவில்லை

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. வகுப்பறை மதிப்பீடு வந்தது. ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடமும் நம் அட்டவணையில் இருக்கிறது. ஆயினும் நடப்பது என்ன? செயல்திட்டம் என்றால் நெகிழிப் போத்தலில் பூச்சாடி. அதையும் முதல்நாள் இரவு அம்மா வெட்ட, அப்பா ஒட்ட, பிள்ளை பெயரை மட்டும் எழுதிக் கொண்டுவருகிறது. நாமும் புள்ளி இட்டுப் பதிந்துவிடுகிறோம். வாரம் முடிந்ததும் அச்சாடி குப்பைக்குப் போகிறது. ஆசிரியர்களே, இதை மறுசுழற்சி என்று அழைப்பது நியாயமா?

பெற்றோர்களே, மாலை முழுதும் துணைப்பாட வகுப்பு, வார இறுதியிலும் துணைப்பாட வகுப்பு என்று பிள்ளையை அனுப்பும் நீங்கள், மாதத்தில் இரு ஞாயிற்றுக்கிழமைகளை அதனோடு சேர்ந்து கை அழுக்காக்கச் செலவிட ஏன் தயங்குகிறீர்கள்? கைத்தொழில் செய்து நம்மைப் படிக்க வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கைத்தொழில் இழிவு என்று கற்பிக்கும் உரிமையை நமக்கு யார் தந்தார்?

எதிர்வாதங்களுக்கு விடை

‘ஆபத்தில்லையா?’ உண்டு. இதை மழுப்பக் கூடாது. மிகப் பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயத் தூசி பெரியவரைவிடக் குழந்தைகளுக்கே மிகுந்த கேடு. ஆகவே, பழைய பூச்சை நீக்கும் வேலை முழுதும் பெரியவருடையது: வீட்டுக்கு வெளியே, முகமூடி அணிந்து, நீர் நனைத்துத் தேய்த்து, சேற்றைத் திரட்டிக் கட்டி அகற்றி, உடையைத் தனியே துவைக்க வேண்டும். தெளிப்பு வண்ணமும் பெரியவர் கையில்தான். கழற்றுதல், எண்ணுதல், கழுவுதல், அளத்தல், மசகிடுதல், பூட்டுதல் ஆகியவை பிள்ளைகளுக்கு. எஃகு விளிம்புச் சக்கரங்கள் மழையில் நனைந்தால் நிறுத்தம் சரியாகப் பிடிக்காது என்பதையும் மறவாதீர். உயரம் பொருந்தாத வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர், நெடுஞ்சாலைக்கு அனுப்பாதீர்.

‘செலவாகாதா?’ ஆகும். டயர், உள்குழாய், சங்கிலி, நிறுத்தக் கட்டைகள் வாங்கினால் மலிவான புதுவண்டியின் விலையை நெருங்கினாலும் நெருங்கும். அதனால்தான் இதைச் சிக்கனம் என்று நான் பரிந்துரைக்கவில்லை. கல்வி என்று பரிந்துரைக்கிறேன். பெருந்தொகை கொடுத்துக் கடையில் பூசச் செய்து, உணவகச் சுவரில் அழகுக்குத் தொங்கவிடுவோரின் பொழுதுபோக்கு வேறு. ஓடாத வண்டி பொம்மையே.

‘அடுக்குமாடியில் இடமேது?’ உண்மைதான். அதற்குத்தான் பள்ளி இருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டு வகுப்பு ஒன்றுக்கு, ஆண்டுக்கு ஒரே ஒரு பழைய மிதிவண்டி. பூச்சு நீக்கும் பணியைத் தந்தையரும் ஆசிரியரும் செய்துவிடட்டும். மற்றவை மாணவர் கையால் நடக்கட்டும். முடிந்ததும் பள்ளிக்கு நடந்தே வரும் ஒரு பிள்ளையின் வீட்டாருக்கு, அதை ஓட்டக்கூடிய பெரியவர் ஒருவரிடம், அவ்வண்டியைக் கொடுத்துவிடலாம். பூச்சாடிபோல் அது குப்பைக்குப் போகாது.

பழுதானதைத் தூக்கியெறிவதே வழக்கம் என்று பார்த்து வளரும் பிள்ளை, நாளை கடினமான கணக்கையும் கடினமான நட்பையும் அப்படியே தூக்கியெறியும். பழுதைப் பிரித்துப் பார்க்கவும் பொறுமையோடு சீராக்கவும் பழகிய பிள்ளைக்கு அந்த அச்சம் குறைவு. அடுத்த முறை அந்த லாரியின் ஒலிபெருக்கி கேட்கும்போது, வீட்டின் பின்புறம் சாய்ந்து நிற்கும் பழைய வண்டியை ஒருமுறை குனிந்து பாருங்கள். பிள்ளையையும் அழைத்துப் பாருங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!