வடித்துப் பார்த்த பிறகு

மன்னார்குடிப் பக்கம் பழைய டிராக்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். மூன்று சிலிண்டர் வண்டி, மூன்று கை மாறி வந்தது. "ஆயிலெல்லாம் இப்பதான் மாத்துனது" என்றார் விற்றவர். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மணி மீட்டர் ஓடாத வண்டியில் அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு உழவுக்கு இறங்க எனக்குத் துணிவில்லை. மேட்டூரில் தண்ணீர் விட்டால் குறுவைக்குச் சேறடிக்க வேண்டும். அதற்குள் எல்லா ஆயிலையும் வடித்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என்ஜின். பத்து நிமிஷம் ஓடவிட்டு, சூடு ஆறுவதற்குள் சேம்பர் நட்டைக் கழற்றினோம். சூட்டில் இளகினால்தான் ஆயில் அடிக்கசண்டையும் இழுத்துக்கொண்டு வரும். கறுப்பாக வந்தது. அதற்குப் பயப்படத் தேவையில்லை, டீசல் என்ஜினில் புது ஆயிலே சில மணி நேரத்தில் கரி ஏறிக் கறுத்துவிடும். விரலில் தேய்த்துப் பார்த்தேன். நெருநெருப்பு இல்லை, டீசல் வாடையும் இல்லை. ஃபில்டரின் பழைய ரப்பர் வளையம் மட்டும் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தது. அதன்மேல் புதியதை வைத்து முடுக்கியிருந்தால் ஆயில் ஒழுகியிருக்கும்.

"டீசல் ஊத்தி அஞ்சு நிமிசம் ஓட்டிக் கழுவிடலாம்ணே" என்றார் மெக்கானிக் தம்பி. வேண்டாம் என்றேன். டீசலின் வழுவழுப்பை நம்பி பேரிங்கைச் சுழலவிட மனசில்லை. இப்போது ஊற்றும் புது ஆயிலையே 50 மணி நேரத்தில் மறுபடி வடித்துவிடுகிறேன், கழுவினதாகவும் இருக்கும்.

கியர் பாக்ஸை மறுநாள் விடியலில், வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே திறந்தோம். ராத்திரி முழுக்க அசையாமல் நின்றால் தண்ணீர் அடியில் தங்கும். நட்டு தளர்ந்ததும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர். பிறகு பால் தூக்கலாக விட்ட டீ நிறத்தில் கொழகொழவென்று ஆயில். தம்பி ஒன்றும் பேசவில்லை. கேஜ் வீல் மாட்டி வருஷக்கணக்கில் சேற்றில் ஓடிய வண்டி, தேய்ந்த ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. இந்த வகை வண்டியில் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப்பும் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கிறது. ஹாரி பெர்குசனின் ஏற்பாடு இது, 1939-ல் ஃபோர்டு டிராக்டரில் வந்தது. அதனால் ஆயில் கெட்டால் பல்லும் போகும், பம்ப்பும் போகும். காந்தத்தைத் துணியில் சுற்றி, ஆயில் பிடித்த தட்டில் துழாவினேன். திருநீறு போல மெல்லிய இரும்புத் தூள் ஒட்டியது. உடைந்த சில்லு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

வடித்ததையெல்லாம் கேனில் பிடித்து மூடியிருக்கிறேன், பழைய ஆயில் வாங்குபவர் வருவார். எங்கள் பக்கம் வாய்க்கால் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள். நாற்றங்காலுக்குப் பாயும் தண்ணீர் அது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சீல்கள் தஞ்சாவூரிலிருந்து வர வேண்டும். அவற்றை மாட்டிய பிறகுதான் கியர் பாக்ஸில் புது ஆயில். அதுவரை வண்டி கொட்டகையில்தான் நிற்கும்.