பாம்புக்கடிக்குப் பதிகமா, மருந்தா?

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில், பங்குனி உற்சவத்தின் எட்டாம் நாள், ஆண்டுதோறும் ஓர் ஐதீகம் நடத்திக் காட்டப்படுகின்றது. சிவநேசச் செட்டியாரின் மகள் பூம்பாவை பாம்பு கடித்து மாண்டாளாம். எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்திருந்தாராம். திருஞானசம்பந்தர் பதிகம் பாடியதும் அவள் எழுந்து வந்தாளாம். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகின்றார்கள். கதையென்று கேட்டுவிட்டுப் போவதானால் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால், பாம்புக்கு மந்திரமுண்டு என்ற எண்ணம் கதையோடு நின்றுவிட்டதா? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கின்றது. அவர்களில் மந்திரிக்கப் போய்க் காலத்தைக் கோட்டை விட்டவர்கள் எத்தனை பேர்?

நஞ்சு உடம்பில் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால், மந்திரத்தின் யோக்கியதை தானே வெளியாகும். நம் இரத்தத்தில் அதை உறையவைக்கும் புரதங்கள் பல உண்டு. காயம் பட்டால் அவை ஒன்றையொன்று தூண்டி வேலை செய்யும். உறைதல் எல்லை மீறாதபடி தடுக்கும் புரதங்களும் உண்டு. கண்ணாடி விரியனின் நஞ்சோ, ஐந்தாவது, பத்தாவது என்று எண்ணிட்ட உறைபுரதங்களை நேராகவே தூண்டிவிடுகின்றது. இருக்கும் சரக்கெல்லாம் வீணில் செலவாகிவிடுகின்றது. பிறகு இரத்தம் உறைவதேயில்லை. ஈறில் கசியும், சிறுநீரில் வரும், சிறுநீரகமும் கெடும். இந்த நிலையில் விஷத்தை இறக்குவதாகச் சொல்லிக் கடிவாயைக் கத்தியால் கீறுவது வைத்தியமா, கொலையா?

ஆஸ்பத்திரியில் என்ன செய்கின்றார்கள்? 2 மில்லி இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கின்றார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்தை ஏற்றுகின்றார்கள். அம்மருந்தும் புரதந்தான், சிறிது சிறிதாக நஞ்சு ஏற்றப்பட்ட குதிரையின் உடம்பு, அதை எதிர்க்க உண்டாக்குவது. அது நஞ்சைப் பிடித்துச் செயலறச் செய்கின்றது. ஈரல் புதிதாக உறைபுரதங்களை உண்டாக்குகின்றது. 6 மணி நேரம் கழித்து மறுபடியும் அதே சோதனை; அப்போதும் உறையாவிட்டால் மறுபடியும் மருந்து. மந்திரவாதி இப்படியொரு சோதனைக்கு உடன்படுவானா என்று கேட்கின்றோம்.

"மந்திரித்துப் பிழைத்தவனைக் கண்ணாலே பார்த்தோமே" என்பார்கள். வாஸ்தவந்தான். பெரும்பாலான பாம்புகள் நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் சில சமயம் நஞ்சை இறக்காமலே கடித்துவிடும். தானே பிழைக்கக்கூடியவன் பிழைத்தால் பெயர் மந்திரத்துக்கு. செத்தால் பழி தலைவிதிக்கு!

மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்கள் யார்? மயிலாப்பூரிலிருந்து அடையாற்றைத் தாண்டிக் கடலோரமாய்த் தெற்கே போனால், மாமல்லபுரத்துக்கு முன்னால் வடநெம்மேலி. 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கின்றது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மறுபடி காட்டில் விடுகின்றவர்கள் அந்த இருளர்களே. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊராரோ இன்னும் பதிகத்துக்கே கைகூப்புகின்றார்கள். உயிர்காக்கும் இருளரை ஒதுக்கியே வைத்திருக்கின்றார்கள். இது என்ன நியாயம்?

தோழர்களே! பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், ஆளை நடக்கவிடாமல் உடனே விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சாம்பலிலிருந்து பெண் எழுந்து வந்ததை இன்று யாரும் பார்க்க முடியாது. குழாயில் இரத்தம் உறைவதை யாரும் பார்க்கலாம். எதை நம்பிப் பிள்ளைகளைக் காப்பது என்பதை வாசகர்களே யோசித்துப் பார்ப்பார்களாக.