சர்வர் ஏன் உறைந்து நிற்கிறது?

பல ஹார்டு டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து, ஒன்று போனாலும் தகவல் போகாதபடி அமைப்பதற்கு ரெய்டு என்று பெயர். ஒரு டிஸ்க் அடியோடு செத்தால் ரெய்டு அதை விலக்கிவிட்டு வேலையைத் தொடரும். பெரும் தொல்லை தருவது பாதி பழுதான டிஸ்க்தான். சர்வர் திடீரென அசையாமல் நிற்கும். சற்று நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.

டிஸ்க்கில் தகவல் செக்டர் எனப்படும் சிறு கட்டங்களில் இருக்கிறது. ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் உடனே கைவிரிக்காது. மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். வீட்டுக் கணினிக்கான டிஸ்க் இதில் ஒரு நிமிடத்துக்கு மேலும் செலவிடலாம். அங்கே அது நல்ல குணம். வேறு பிரதி இல்லையே. ரெய்டில் மற்ற டிஸ்க்குகளைக் கொண்டு அதே தகவலை மீட்க முடியும். ஆனால் 'படிக்க முடியவில்லை' என்ற பதில் வந்தால்தான் மீட்பு தொடங்கும்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வழக்கமாக 30 நொடி காத்திருக்கும். பிறகு கட்டளையை ரத்து செய்து, டிஸ்க்கை ரீசெட் செய்யப் பார்க்கும். டிஸ்க் இன்னும் தன் முயற்சியிலேயே இருந்தால் அதற்கும் பதில் வராது. அதுவரை தகவல் கேட்ட நிரல்கள், டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கும் 'டி' நிலையில் கிடக்கும். நிரலை நிறுத்தும் 'கில்' கட்டளைகூட அவற்றை அசைக்காது. வேலைச் சுமையைக் காட்டும் லோடு ஆவரேஜ் ஏறும், பிராசஸரோ சும்மா இருக்கும். இப்படி இரண்டும் சேர்ந்து வந்தால் டிஸ்க்குகளைப் பார்க்க வேண்டும்.

எந்த டிஸ்க் என்பதை ஐஓஸ்டாட் என்ற கட்டளை காட்டும். மற்றவை சில மில்லி நொடிகளில் பதில் தர, ஒன்றின் காத்திருப்பு மட்டும் ஆயிரக்கணக்கான மில்லி நொடிகளில் நிற்கும். கர்னல் பதிவிலும் அதன் பெயரோடு டைம்அவுட், ரீசெட் வரிகள் தெரியும். அடுத்தது ஸ்மார்ட்: டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் குறிப்பு. அதில் 'பாஸ்டு' என்றிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அதன் வரிகளைப் பாருங்கள். எண் 197, படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர்கள். எண் 5, மாற்றிடம் பெற்றவை. எண் 199, கேபிள் வழியே தகவல் போகும்போது நேரும் பிழைகள். அது மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

ரெய்டுக்கென வரும் டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 நொடியில் முயற்சியைக் கைவிடும். அந்த வசதி இல்லாதவற்றுக்குக் கர்னலின் காத்திருப்பை 180 நொடியாக உயர்த்துவது வழக்கம். உறைவு நீளும், ஆனால் ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக முழு டிஸ்க்கும் ரெய்டிலிருந்து விலக்கப்படாது.

197 ஏறிக்கொண்டே போனால் காத்திராமல் மாற்றுவதே நல்லது என்பது என் எண்ணம். கழற்றுமுன் பேக்கப் எடுங்கள். டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் ஒப்பிடுங்கள்: லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் சர்வரை மறுபடி இயக்கும்போது இடம் மாறக்கூடும்.