இடுப்பைத் திருப்பச் சொல்லிக்கொடுங்கள்

மாவட்ட அளவிலான பெண்கள் சாஃப்ட்பால் ஆட்டம் எதையாவது போய்ப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரிடமிருந்து திரும்பத் திரும்ப வருவது ஒரே கட்டளைதான்: "தட்டிட்டு ஓடு!" பேட்டைக் குறுக்கே பிடித்துப் பந்தை முன்னால் பொத்தென்று விழவைத்துவிட்டு, முதல் பேஸுக்குப் பாய வேண்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் மைதானங்களில் புல் கிடையாது. கல்லில் பட்ட பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று எடுக்க வருபவளுக்கே தெரியாது. அவள் தடுமாறி எடுத்து எறிவதற்குள் ஓடியவள் பேஸில் நிற்பாள். சில நேரம் கோப்பைகூடக் கிடைத்துவிடும்.

மாநில அளவுக்குப் போனால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பந்தைச் சுத்தமாக எடுத்து, மார்புக்கு நேராக எறியத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 60 அடி, அதாவது 18 மீட்டர் சொச்சம். அந்தத் தூரத்தை ஓடுகிற கால் கடப்பதற்கு முன்பே எறிந்த பந்து கடந்துவிடும். தட்டுவதைத் தவிர வேறெதுவும் கற்காத நம் பெண்கள் அங்கே திகைத்துப்போகிறார்கள்.

நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரி நாளில் நானும் சாஃப்ட்பால் ஆடியவள்தான். இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பந்தை ஓங்கி அடிக்கும் திறன் பிறவியில் வருவதில்லை, கற்றுக்கொடுத்தால் வருவது. அதைக் கற்றுக்கொடுக்காமல் விடுவதற்கு நாம் சொல்லும் காரணம் உடம்பு. உண்மையான காரணம் வேறு.

முதலில் உடம்பைப் பற்றிப் பேசிவிடுவோம். அணி தேர்ந்தெடுக்கும்போது, "அந்தத் தாட்டியான பொண்ண நாலாவதா இறக்குங்க" என்பார்கள்; ஓங்கி அடிப்பவளுக்கு ஒதுக்கும் இடம் அது. மெலிந்த பெண் என்றால் வரிசையின் கடைசி இடமும், தட்டிவிட்டு ஓடும் வேலையும். எடை உதவாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் கிரிஸ்டல் பஸ்டோஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 6 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். நல்ல ஆகிருதியான பெண். ஆனால் அந்த ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். பஸ்டோஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார். அதே ஆட்டத்தில் ஜப்பான் அணித் தலைவி எரி யமாதாவும் ஒன்று அடித்தார். பஸ்டோஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் யமாதா சின்ன உருவம். தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியிருந்த அமெரிக்காவை 3–1 என்று வென்றது ஜப்பான். எடையை மட்டும் வைத்து இந்த ஆட்டத்தை எப்படி விளக்குவது?

கையின் பலத்தை வைத்தும் விளக்க முடியாது. பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, அடிப்பவள் நிற்கும் ஹோம் பிளேட் வரை வெறும் 43 அடி. அதிலும் அவள் முன்னால் பாய்ந்துதான் பந்தை விடுகிறாள். மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 நொடியில் வந்து சேர்ந்துவிடும். அதில் பாதி நேரம் பந்தைப் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுப்பதற்கே போய்விடும். மிச்சம் இருப்பதில் பேட் சுழன்றாக வேண்டும். 2004-இல் ஒரு காட்சி ஆட்டத்தில் அமெரிக்க சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபின்ச் கீழ்க்கையால் வீசிய பந்துகளை அடிக்க முடியாமல் ஆல்பர்ட் புஜோல்ஸ் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அந்த வருடம் அமெரிக்க பேஸ்பால் லீக்கில் 46 ஹோம் ரன் அடித்த மனிதர் அவர். பழகாத கோணத்தில், பழகாத தூரத்திலிருந்து பந்து வந்தபோது அவருடைய புஜம் ஒன்றுக்கும் உதவவில்லை.

அப்படியானால் அடி எங்கிருந்து வருகிறது? தரையிலிருந்து. கால் தரையை உதைக்கிறது. அந்த உதை இடுப்புக்கும், இடுப்பிலிருந்து நெஞ்சுக்கும் தோளுக்கும் ஏறி, கை வழியாகக் கடைசியில் பேட்டுக்குப் போகிறது. வரிசை மாறக் கூடாது. முதலில் பின்காலில் எடையை ஏற்றிக்கொள்ள வேண்டும். பந்து பிட்சரின் கையை விட்டதும் முன்காலைச் சின்னதாக, மெத்தென்று எடுத்து வைக்க வேண்டும். முன்குதிகால் தரையில் பதிந்த நொடியில் இடுப்பு பிட்சரை நோக்கித் திரும்பத் தொடங்கும். கைகளோ இன்னும் பின்தோள் அருகிலேயே இருக்க வேண்டும். ஈரப் போர்வையை இரண்டு பேர் பிழியும்போது ஒருத்தி விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவள் முறுக்குவாள் அல்லவா? அந்த முறுக்கு இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே ஏற வேண்டும். அது விடுபடும்போதுதான் பேட்டுக்கு வேகம் கிடைக்கிறது. இடுப்பும் தோளும் கையும் ஒரே நேரத்தில் சேர்ந்து திரும்பினால் முறுக்கு ஏறாது. கை மட்டும் வீசுகிற அடிதான் மிஞ்சும்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது முன்முழங்கால். மடங்கியிருந்த அந்தக் கால் பந்தை அடிக்கும் தறுவாயில் நிமிர்ந்து விறைக்க வேண்டும். முன்னால் போய்க்கொண்டிருந்த உடம்பை அது தடுத்து நிறுத்துவதால்தான் இடுப்பு வேகமாகச் சுழல்கிறது. முழங்கால் தொய்ந்தால் உடம்பு முன்னால் சாய்ந்து, தலையும் நகர்ந்துவிடும். தலை நகர்ந்தால் கண் நகரும், பந்து தப்பும். மூன்றாவது, பின்முழங்கை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பெண்கள் முழங்கையைத் தூக்கியபடியே வீசுவார்கள். இங்கே அது விலாவை ஒட்டி இறங்கி வர வேண்டும். அப்போதுதான் பேட்டின் சுற்று சுருங்கி, உள்ளே வரும் பந்துக்கும் நேரம் கிடைக்கும். பந்தைத் தொடும்போது மேல்கையின் உள்ளங்கை வானத்தையும், கீழ்க்கையின் உள்ளங்கை தரையையும் பார்க்க வேண்டும். மணிக்கட்டை அதற்கு முன்பே உருட்டிவிட்டால் பந்து தரையில் உருண்டு ஷார்ட் ஸ்டாப் இடத்தில் நிற்பவள் கைக்குத்தான் போகும்.

"பந்தை மேலிருந்து வெட்டு" என்று ஓர் உபதேசமும் நம் மைதானங்களில் உண்டு. பேஸ்பால் மேதை டெட் வில்லியம்ஸ் 1970 வாக்கில் எழுதிய 'தி சயின்ஸ் ஆஃப் ஹிட்டிங்' புத்தகத்திலேயே இதை மறுத்துவிட்டார். மேட்டில் நிற்பவன் வீசும் பந்து இறங்கி வருவதால் பேட் லேசாக ஏறிப் போக வேண்டும் என்பது அவர் வாதம். சாஃப்ட்பாலில் மேடு இல்லை. பந்து பிட்சரின் இடுப்புயரத்திலிருந்து கிளம்புகிறது. ஆனாலும் பெரும்பாலான பந்துகள் பிளேட்டை நெருங்கும்போது கொஞ்சம் இறங்கித்தான் வருகின்றன. ரைஸ் பால் என்ற வீச்சு மட்டும் ஏறக்குறைய மட்டமாக வரும். ஆகவே மண்வெட்டி போலக் கொத்துவதும் தவறு, அடியிலிருந்து அள்ளுவதும் தவறு. பந்து வரும் பாதையோடு பேட் கொஞ்ச தூரமாவது ஒத்துப்போக வேண்டும். அப்படி ஒத்துப்போனால், நேரக் கணிப்பில் சிறு பிசகு இருந்தாலும் அடி விழும்.

பேட் விஷயத்திலும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. பையில் இருப்பதிலேயே கனமான பேட்டைத்தான் பிள்ளைகள் எடுப்பார்கள். "வெயிட்டா இருந்தாத்தான் மிஸ் அடி விழும்" என்பார்கள். அவர்கள் அறிவியல் பாடத்தில் இருக்கும் இயக்க ஆற்றல் சூத்திரத்தையே நான் காட்டுவேன். எடை இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. கனமான பேட்டை மெதுவாகச் சுழற்றுவதைவிடத் தன்னால் வேகமாகச் சுழற்ற முடிகிற பேட்டே பெண்ணுக்கு நல்லது. பந்தும் பேட்டும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அந்த நேரத்தில் கையை இறுக்கிப் பிடித்து எதையும் கூட்டிவிட முடியாது. அதற்கு முன்பே பேட் எட்டியிருந்த வேகம்தான் பந்துக்குப் போகிறது.

இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. எழுதச் சொன்னால் எழுதுவார்கள். மைதானத்தில் இறங்கியதும்தான் சிக்கல். ஓங்கி அடிக்க வேண்டுமானால் கால்களைத் தோளைவிட அகலமாக வைத்து நிற்க வேண்டும். இடுப்பை வெடுக்கென்று திருப்ப வேண்டும். நம் பெண்ணுக்குப் பத்து வயதிலிருந்து செய்யாதே என்று சொல்லப்பட்டவை இந்த இரண்டும்தான். "காலை ஒட்டி வை", "அடக்கமா நில்லு" என்று கேட்டே வளர்ந்தவள் அவள். வேலிக்கு வெளியே பையன்கள் நின்றால் போதும், ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் டி-ஷர்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறாள். அடுத்த பந்துக்குக் கால் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. இடுப்பு அசையாமல் கை மட்டும் வீசுகிறது. பார்ப்பவர்கள், "பொம்பளப் புள்ளைக்கு அவ்வளவுதான் பலம்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உடம்பில் பலம் இருக்கத்தான் செய்கிறது. அதை வெளியே விடும் வழியைத்தான் நாம் வெட்கத்தால் அடைத்து வைத்திருக்கிறோம்.

ஒருமுறை ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் அம்மா மைதானத்துக்கே வந்து, "ஏனுங் டீச்சர், புள்ள இப்படிக் காலை அகட்டி நின்னுக்கிட்டு... நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார். அவரை உட்காரவைத்து, மகள் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும்வரை பார்க்கச் சொன்னேன். பார்த்தார். பிறகு அவர் கேட்டது, பந்து தொலைந்தால் காசு யார் கொடுப்பது என்றுதான். எல்லா அம்மாக்களும் இவ்வளவு சுலபமாக வழிக்கு வருவதில்லை.

தட்டி ஓடுவதை நான் தாழ்வாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். இடக்கையால் ஆடி, ஓடிக்கொண்டே பந்தைத் தள்ளிவிடும் ஸ்லாப் ஆட்டம் ஒரு தனிக் கலை. அமெரிக்காவின் நட்டாஷா வாட்லி அதில் பேர்போனவர். ஆனால் முழு வீச்சில் அடிக்கத் தெரிந்த ஒருத்தி தட்டும்போதுதான் அதற்கு மதிப்பு. அவள் ஓங்கி அடிப்பாளோ என்று எதிரணி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். தட்டத்தான் தெரியும் என்று தெரிந்துவிட்டால் எல்லோரும் முன்னால் வந்து நின்றுகொள்வார்கள். பிறகு எங்கே ஓடுவது?

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பி.வி.சி. குழாயின் மேல் சைக்கிள் டியூப் துண்டைச் செருகினால் பந்து வைத்து அடிக்க 'டீ' தயார். கிழிந்த மீன்வலையைக் கட்டினால் பந்து பொறுக்க ஓட வேண்டியதில்லை. பேட்டை முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்துக்கொண்டு, கையே இல்லாமல் இடுப்பை மட்டும் திருப்பும் பயிற்சிக்குக் காசே வேண்டாம். ஓட்டை கூடைப்பந்தில் மணல் நிரப்பித் தைத்து, பக்கவாட்டில் நின்று எறியவிட்டால் இடுப்பும் வயிறும் உறுதிப்படும். கைப்பேசியில் மெதுவோட்டக் காட்சி எடுத்து, முன்முழங்கால், பின்முழங்கை, தலை மூன்றையும் பிள்ளைக்கே காட்டலாம். நாம் ஒரு மணி நேரம் கத்துவதைவிட அந்தப் படம் நன்றாகப் பேசும். படம் எடுக்கப் பெற்றோரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், காட்டியதும் அழித்துவிடுங்கள்.

ஹவாய்த் தீவுகளிலிருந்து ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போன ஜோஸ்லின் அலோ, 2022-இல் படிப்பு முடிந்து வெளியேறும்போது 122 ஹோம் ரன் அடித்திருந்தார். அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் அதுவே சாதனை. அந்த நாட்டில் சிறுமிகள் பள்ளி வயதிலிருந்தே முழு வீச்சில் ஆடிப் பழகுகிறார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் மறுபடி வருகிறது. அதற்குள் நம் பிள்ளைகள் அங்கே போய் நின்றுவிடுவார்கள் என்று கனவு விற்க நான் வரவில்லை. நான் கேட்பது மைதானத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

சக உடற்கல்வி ஆசிரியர்களே, அணி எடுக்கும் நாளில் பிள்ளையின் புஜத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொருத்திக்கும் 'டீ'யில் பந்து வைத்துக் கொடுத்து, எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள். ஒல்லியான பெண்ணுக்கும் தாட்டியான பெண்ணுக்கும் ஒரே அளவு வீச்சுப் பயிற்சி கொடுங்கள். வேலிக்கு வெளியே கூட்டம் நின்றால் முதலில் கூட்டத்தை அனுப்புங்கள். அம்மாக்களே, மகள் காலை அகலமாக வைத்து நிற்பதைப் பார்த்தால் கூப்பிட்டு அதட்டாதீர்கள். இன்னும் ஒரு பந்தை அவள் அடிக்கட்டும்.