1,200 மீட்டர், 70 நொடி, 40% வரி: குதிரைப் பந்தய ‘டிப்ஸ்’ சொல்லாத கணக்கு

இந்தியக் குதிரைப் பந்தயத்தில் குறுகிய தூரத்துக்கான பெரிய போட்டி, இன்விடேஷன் கோப்பை வார இறுதியில் நடக்கும் ஸ்பிரின்டர்ஸ் பந்தயம். 1,200 மீட்டர், கிரேடு 1. கேட் திறந்து சுமார் 70 நொடியில் கதை முடிஞ்சிடும். ‘ஷ்யூர் டிப்ஸ்’ மட்டும் பல நாள் முன்னாடியே வாட்ஸ்அப்பில் ஓட ஆரம்பிச்சிடும்.

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சுமார் 145 கி.மீ.யில் பெங்களூரு, மறுபக்கம் சுமார் 215 கி.மீ.யில் சென்னை. இரண்டு ஊரிலும் ரேஸ் கோர்ஸ் உண்டு. (ஆம்பூர், வாணியம்பாடி தோலுக்குப் பேர்போன ஊர்கள்தான், ஆனா குதிரைச் சேணத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கியது கான்பூர்.)

இது சூதாட்டம் இல்லையா?

குதிரைப் பந்தயத்தை ஒழிக்க தமிழ்நாடு 1974-ல் சட்டம் கொண்டுவந்தது. டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், இது திறமை சார்ந்த விளையாட்டு என்று சொல்லிவிட்டது. இப்போதைய சண்டை நிலத்தைப் பற்றியது. 2024 ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸின் சுமார் 52 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கருக்கான குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நிலத்துக்கு 1946 ஒப்பந்தப்படி ஆண்டு வாடகை 614 ரூபாய்!

ஸ்பிரின்ட்டில் எதைப் பார்க்கிறார்கள்?

நீண்ட தூரப் பந்தயத்தில் ஜாக்கி ஒரு தப்பு பண்ணினாலும் சரிசெய்ய நேரம் இருக்கும். 1,200 மீட்டரில் அது கிடையாது. கேட்டில் அரை நொடி தாமதித்தால் ரெண்டு மூணு குதிரை நீளம் போச்சு. வளைவு இருக்கும் ட்ராக்கில் வெளிப்பக்க கேட் கிடைத்த குதிரை கூடுதல் தூரம் ஓடணும். முதல்லயே பாயும் குதிரைகள் நாலஞ்சு இருந்தால், அவை ஒன்றோடொன்று மோதிக் களைத்துப்போக, பின்னால் வரும் ஒன்று தட்டிக்கொண்டு போகலாம். இதையெல்லாம் ரேஸ் கார்டைப் பார்த்துப் படிக்கலாம். நீதிமன்றம் ‘திறமை’ என்றது இதைத்தான்.

ஆனா அந்தத் திறமைக்கு இன்று விலை என்ன? 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கான ஜிஎஸ்டி 28-ல் இருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது. அதுவும் ஜெயித்த தொகைக்கு அல்ல, கட்டும் முழுப் பணத்துக்கும். 100 ரூபாய் பந்தயத்துக்குக் கையிலிருந்து போவது 140. வென்றால் 300 தரும் ஒரு குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். வரி இல்லாவிட்டால் மூணு தடவைக்கு ஒரு தடவை ஜெயித்தாலே கை கடிக்காது. இப்போ நூற்றுக்கு 47 தடவை ஜெயிக்கணும். வென்றால் 200 மட்டுமே தரும் ‘ஃபேவரிட்’ என்றால் 70 தடவை. குதிரை அவ்வளவு நிச்சயமாக இருந்தால் அதற்கு 200 யாரும் தரமாட்டார்கள். ‘டோட்’டில் போட்டாலும் நிலைமை இதேதான், மொத்தப் பணத்தில் கிளப் தன் பங்கை எடுத்த பிறகே மீதி ஜெயித்தவர்களுக்குப் பிரியும்.

இந்த இடத்தில்தான் போன் புக்கி நுழைகிறார்: “வரியே கிடையாது சார், ஜிபே பண்ணுங்க.” அது சட்டவிரோதம். ஜெயித்த பணத்தை அவர் தராவிட்டால் கேட்கவும் வழியில்லை. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தமே செல்லாது.

முறைப்படி ஆடி ஜெயித்தாலும் வருமான வரி 30 சதவீதம். ஒரே பந்தயத்தில் வெற்றித் தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ் பிடித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். சனிக்கிழமை தோற்ற 50,000-ஐ ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த 50,000-ல் கழித்துக்காட்ட முடியாது. கையில் லாபம் பூஜ்யம், வரி 15,000.