ஷேர் பண்ணாமலேயே ஷேர் ஆகியிருக்கும் சி டிரைவ்



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் போன் செய்தான். (இப்போது கூட்டுறவு சங்கச் செயலாளர். பையன் என்று எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டான்.) "டீச்சர், ஆபீஸுக்குப் பத்து கம்ப்யூட்டர் புதுசா வந்திருக்கு. சர்வீஸ்காரர் எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துட்டார், ரொம்ப வசதி" என்றான். அந்த வசதியால் ஒரு பெண் வேலையை விட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில் ஆபீஸிலும் ஆசிரியர் அறையிலுமாக ஏழு கம்ப்யூட்டர் இருந்தன. எல்லாம் விண்டோஸ் 7. எல்லாவற்றிலும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. பள்ளிப் பெயரும் 123-ம். பியூனுக்கும் தெரியும், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு வினாத்தாள் வெளியே போய்விட்டது. அது தலைமையாசிரியர் அறைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. டைப் செய்தது தொகுப்பூதியத்தில் வந்த ஒரு பெண். "நான் எந்த ஃபோல்டரையும் ஷேர் செய்யவில்லை" என்றார் தலைமையாசிரியர். அவர் சொன்னது உண்மைதான். அப்படியானால் டைப் செய்தவள்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று எல்லாரும் முடிவு கட்டினோம். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. அவள் அந்த மாதமே நின்றுவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து பிரின்டர் பழுது பார்க்க வந்த பையன், எங்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தபடியே தலைமையாசிரியர் அறைக் கம்ப்யூட்டரின் பெயரை அடித்து, பக்கத்தில் சி என்றும் ஒரு டாலர் குறியும் போட்டான். மொத்த சி டிரைவும் திறந்துகொண்டது. பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. அவன் பாட்டுக்கு டிரைவர் ஃபைலை அதில் காப்பி செய்துவிட்டு மூடினான். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. வினாத்தாளை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் எடுக்கக்கூடியவர்கள் பள்ளி முழுக்க இருந்தார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

பின்னால் நெட்வொர்க் வேலையில் இருக்கும் என் மாணவி ஒருத்திதான் விளக்கினாள். விண்டோஸ் என்.டி. காலத்திலிருந்தே, ஒவ்வொரு டிரைவையும் விண்டோஸ் தானாகவே நெட்வொர்க்கில் ஷேர் செய்து வைக்கிறது. சி$, டி$ என்று டிரைவுக்கு ஒன்று. விண்டோஸ் இருக்கும் ஃபோல்டருக்கு அட்மின்$. கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐபிசி$. பெயரின் கடைசியில் டாலர் குறி இருந்தால் நெட்வொர்க் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பெயர் தெரிந்தவன் அடித்தால் போய்விடலாம், அட்மின் அதிகாரம் இருந்தால். எங்கள் பள்ளியில் ஏழு கம்ப்யூட்டரிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு என்பதால் உட்கார்ந்திருப்பவர் எல்லாருமே அட்மின். ஒரே பிரின்டரை எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்று ஃபயர்வாலில் ஃபைல் ஷேரிங்கை வேறு திறந்து வைத்திருந்தோம்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை வைத்து நெட்வொர்க் வழியாக உள்ளே வர விண்டோஸ் சாதாரணமாக விடுவதில்லை. ஆக, பாஸ்வேர்டே போடாமல் விட்டிருந்தால்கூட அந்த வழி அடைபட்டிருக்கும்!

இதைக் கேட்டதும் எல்லாரும் செய்ய நினைப்பது சி$-ஐ அழிப்பது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுத்து அழிக்கலாம், ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் திரும்ப வந்துவிடும். நிரந்தரமாக நிறுத்த ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை 0 ஆக்க வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர், சர்வருக்கு வேறு பெயர். அப்போதும் ஐபிசி$ போகாது. அட்மின் பாஸ்வேர்டு கையில் இருப்பவன் நினைத்தால் ஷேரை மறுபடி உருவாக்கிக்கொள்வான். பெரிய ஆபீஸ்களில் பேக்கப், ஆன்டிவைரஸ் போன்றவை அட்மின்$ வழியாகத்தான் நிறுவப்படுகின்றன, அதை நிறுத்தினால் அந்த வேலைகள் நிற்கும்.

என் கருத்து இது. பொறுப்பான நெட்வொர்க் ஆள் இருக்கும் ஆபீஸில் அவரிடம் விட்டுவிடுங்கள். பத்து கம்ப்யூட்டர் உள்ள ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக், பள்ளி, சங்கம் இவற்றில் சி$ யாருக்கும் தேவையில்லை, நிறுத்திவிடுங்கள். ஆனால் பாஸ்வேர்டை மாற்றாமல் அதை மட்டும் நிறுத்துவது, ஜன்னலை அடைத்துவிட்டு வாசல் சாவியைத் திண்ணையில் வைப்பது மாதிரி. கம்ப்யூட்டருக்கு ஒரு அட்மின் பாஸ்வேர்டு, ஒன்று போல இன்னொன்று இல்லாமல். அன்றாட வேலைக்கு அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கு. விண்டோஸோடு வரும் அந்த 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கை முடக்கிவிட்டு, வேறு பெயரில் ஓர் அட்மின் கணக்கு. ஏன் என்றால், நாம் உருவாக்கும் அட்மின் கணக்கு நெட்வொர்க் வழியாக வந்தால் விஸ்டாவிலிருந்து முழு அதிகாரம் கிடைப்பதில்லை. கூடவே வரும் கணக்குக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. 'சி$ திறக்கவில்லையா, இதைச் செய்யுங்கள்' என்று அந்தத் தடையையே நீக்கச் சொல்லித்தரும் வீடியோக்களும் இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

"எங்க ஆபீஸில் என்ன டீச்சர் ரகசியம்?" என்று கேட்பீர்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நுழைந்தது. அது பரவிய வழிகளில் ஒன்று இதுதான்: ஒரு கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டைத் திருடி, அதை வைத்து அடுத்த கம்ப்யூட்டரின் அட்மின்$-க்குள் தன்னைக் காப்பி செய்துகொண்டது. மேர்ஸ்க் என்ற பெரிய கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. பாஸ்வேர்டு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொது என்றால் வைரஸுக்கு ஒரு திருட்டு போதும்.

பெரிய ஆபீஸ்களுக்கு, ஒவ்வொரு கம்ப்யூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் தானாக மாற்றிக்கொண்டே இருக்க லாப்ஸ் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் 2015-இல் தந்தது. 2023 முதல் விண்டோஸிலேயே அது இருக்கிறது. நம் மாதிரி ஆட்களுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். எழுதி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவி ஒருவரிடம் மட்டும். பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. பீரோவுக்குள் நெட்வொர்க் போகாது என்பது என் பதில்.

உங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன ஷேர் ஆகியிருக்கிறது என்று பார்க்க: ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், அதில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் ஷேர்ஸ். டாலர் குறியோடு வரிசையாக நிற்கும். ரெஜிஸ்ட்ரியை மட்டும் தெரிந்தவரை வைத்துத் தொடுங்கள்.

அந்தப் பெண்ணை இரண்டு வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இப்ப சொல்றீங்களே டீச்சர்" என்றாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

சங்கச் செயலாளர் சனிக்கிழமை எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றப்போவதாகச் சொல்லியிருக்கிறான். நோட்டு வாங்கிவிட்டானாம். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், எனக்கு விளக்கிய மாணவியே பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். பாஸ்வேர்டை மட்டும் கமெண்டில் எழுதிவிடாதீர்கள், போன தடவை ஒருவர் எழுதினார்.